டயாலிசிஸ் வார்டு வாசலில் மாற்கு படித்தோம்

வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிற கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி என்று தெரிந்தவுடனே நம்மைத் தேடிப் பலபேர் வந்துவிடுவார்கள். ஜெபிக்கிறேன் என்பார்கள், எண்ணெய் தருவார்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். அதில் உண்மையான அன்போடு வருகிறவர்கள் நிச்சயம் உண்டு. ஆனால் யாரை நம்பலாம், எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும், எதற்கு முடியாது என்று சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. எனக்கும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வருஷமும் லட்ச ரூபாய்க்கு மேல் பணமும் போனது. என் வீட்டுக்காரர் உயிர் போகிற நிலைக்கு வந்து தப்பித்தார். என் விசுவாசமும் அதோடு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அது எப்படித் திரும்பி வந்தது, யார் எனக்கு இயேசுவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் இதில் நான் அதிகம் சொல்ல விரும்புவது.

மாதனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கிராமம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் சொந்தமாக லோடு வண்டி வைத்து மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டாரும் பரம்பரையாகச் சி.எஸ்.ஐ. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சபைகள் வளர்ந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது அவை அதில் சேர்ந்தன. அப்படி வந்த குடும்பம். குழந்தையிலேயே ஞானஸ்நானம், பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் திடப்படுத்தல். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரமண்டல ஜெபம் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்போம். ஆனால் ஒரு சுவிசேஷத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரைக்கும் நான் படித்ததே இல்லை. படிக்கச் சொல்லி யாரும் உட்கார வைத்ததும் இல்லை. இது எங்கள் வீட்டு நிலைமை மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிற கிறிஸ்தவப் பெண்களில் பலரைக் கேட்டுவிட்டேன், அதே பதில்தான்.

வீட்டுக்காரருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது, பசி போனது, முகம் வெளிறியது. ஆம்பூரில் ரத்தம் பார்த்துவிட்டு உடனே வேலூருக்கு அனுப்பினார்கள். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டார்கள். குடிக்கிற தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். வண்டியை விற்றோம். மாமியார் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாம்மா, ஊசி குத்திக் குத்தியே புள்ள கை வீங்கிடுச்சே" என்று அழுவார். இரண்டு பிள்ளைகள், ஒன்று எட்டாவது, ஒன்று ஐந்தாவது. சொந்தக்காரர்கள் முதல் மாதம் வந்து பார்த்தார்கள், அப்புறம் அவரவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக முடியாமல் போனது. எங்கள் ஆயர் ஐந்தாறு கிராமச் சபைகளைப் பார்க்கிறவர், வந்து ஜெபித்துவிட்டுப் போனார், அதற்கு மேல் அவரிடம் நேரம் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஒரு ஊழியம், வீடு வீடாக ஜெபிக்கப் போகிற ஒரு குழு, எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அந்த ஊழியத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பேர் மாறலாம், முறை ஒன்றுதான். கம்பெனி பஸ்ஸில் பழக்கமான ஒரு அக்கா மூலமாக வந்தார்கள். முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள், நான் தேம்பித் தேம்பி அழுதேன், அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. மனசு லேசானது. அந்த ஆறுதல் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். இரண்டாவது தடவை வந்தபோது, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற வசனத்தைக் கூடவே சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது தடவை விதைக் காணிக்கை என்ற பேச்சு வந்தது. விதைக்காமல் அறுக்க முடியுமா என்று கேட்டார்கள். 5,000 ரூபாயில் ஆரம்பித்தது. அப்புறம் பொருத்தனைக் காணிக்கை, உபவாச ஜெபச் செலவு, சென்னையிலும் பெங்களூரிலும் நடந்த கூட்டங்களுக்கு வண்டிச் செலவு, ஜெபித்த எண்ணெய். கடைசியில் ஏழை விதவை தன் ஜீவனத்துக்கு வைத்திருந்த இரண்டு காசையும் போட்டாள் என்று பிரசங்கம் செய்து, கொடுக்க முடியாததைக் கொடுத்தால்தான் அது விசுவாசம் என்றார்கள். என் செயினை அடகு வைத்து 40,000 கொடுத்தேன். எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய்க்குப் பக்கம். எதற்கும் ஒரு ரசீது கிடையாது. பாதிப் பணம் ஒருவருடைய சொந்த செல்போன் எண்ணுக்குத்தான் போனது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். காணிக்கை கேட்கிறவர்களிடம் ரசீது கேளுங்கள். கேட்பது அவிசுவாசம் இல்லை. எங்கள் சபையில் 50 ரூபாய் சங்கக் காணிக்கைக்கும் அச்சடித்த ரசீது உண்டு, வருஷத்துக்கு ஒரு முறை வரவு செலவு வாசிப்பார்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, சபை பேரிலா, டிரஸ்ட் பேரிலா, தனி ஆள் பேரிலா என்று பாருங்கள். தனி ஆள் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வியாதிப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துத் தொகை பேசுகிறவர் யாராக இருந்தாலும், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். நகை அடகுக் கடை வரைக்கும் போகிற காணிக்கையை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம் ஒன்று, டயாலிசிஸ் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அந்த அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் டயாலிசிஸ் பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது தெரியவே பல மாதம் ஆனது. ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

பணத்தோடு நின்றிருந்தால் சரி. ஒரு சனிக்கிழமை உபவாச ஜெபத்தின் முடிவில், சுகம் கிடைத்துவிட்டது, அதைப் பூமியில் வெளிப்படுத்துவது உங்கள் விசுவாசத்தில் இருக்கிறது என்று தீர்க்கதரிசனம் சொன்னார்கள். மிஷினை நம்புகிறீர்களா, இயேசுவை நம்புகிறீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். உடம்பு நொந்துபோன மனுஷன், வாரத்துக்கு மூன்று தடவை ஊசிக்குப் பயந்துகொண்டிருப்பவர், அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்? டயாலிசிஸை நிறுத்தினார். நான் வாயைத் திறந்து கேட்டபோது, உன் சந்தேகம்தான் அவர் சுகத்தைத் தடுக்கும் என்று என்னை அடக்கிவிட்டார்கள். உபவாசத்தை முடிக்க அவருக்கு இளநீர் கொடுத்தார்கள். ஒரு வாரம் தாண்டியும் நாங்கள் வேலூருக்குப் போகவில்லை. ஒரு ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார். கால் இரண்டும் உப்பி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. 108ஐக் கூப்பிட்டோம். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துவிட்டது. என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. இயேசுவே என்று சொல்லக்கூடப் பயமாக இருந்தது, அதிலும் சந்தேகம் கலந்திருக்குமோ என்று.

ஐ.சி.யூ.வில் சேர்த்து உடனே டயாலிசிஸ் போட்டுக் காப்பாற்றினார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. ஒரு நர்ஸ் சிஸ்டர் என்னிடம், "இளநீரா குடுத்தீங்க? கிட்னி பேஷண்டுக்கு அதுல இருக்கிற பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திடும்மா" என்றார். திட்டவில்லை, பதறிப்போய்ச் சொன்னார். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இளநீர், வாழைப்பழம் போன்றவை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது, பிரசாதமாக வந்தாலும் ஜெபித்துக் கொடுத்தாலும். ஐ.சி.யூ. பில்லுக்கு அண்ணனிடம் கடன் வாங்கினேன்.

ஊழியக்காரரிடம் போனில் சொன்னேன். உங்கள் வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, அதைத் தேடி அறிக்கை செய்யுங்கள் என்றார். பணத்தைப் பற்றிக் கேட்டபோது, கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா என்றார். அதற்கப்புறம் என் எண்ணை அவர்கள் எடுக்கவே இல்லை. போனதை நினைத்துப் பல ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன், ஆனால் பணம்கூட இரண்டாவதுதான். மறைவான பாவம் என்று அவர் சொன்னதுதான் என்னை அரித்தது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவிடம் சொன்ன பொய்யிலிருந்து எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, இதற்காகவா, அதற்காகவா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு கட்டத்தில் கோபம் வந்தது. இப்படிக் கணக்குப் பார்த்து ஒரு ஏழை டிரைவரைப் படுக்க வைக்கிற கடவுள் எனக்கு எதற்கு என்று தோன்றியது. பைபிளைப் பீரோவுக்கு மேலே தூக்கி வைத்தேன்.

மறுபடி வாரம் மூன்று நாள் வேலூர். கம்பெனியில் சம்பளமில்லா லீவு, அல்லது ஷிப்ட் மாற்றி ஓட்டம். வார்டு வாசலில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே ஒரு அம்மா, ரிட்டயர்டு டீச்சர், தன் தம்பியை அழைத்து வருவார். தோட்டப்பாளையத்தில் வீடு. கையில் ஒரு பழைய பைபிள், ஒரு நீள நோட்டு, காதோரம் செருகின பென்சில். படிப்பார், எதையோ எழுதுவார், மறுபடி படிப்பார். பல வாரம் நாங்கள் பேசவில்லை. ஒரு நாள் என் கழுத்தில் சிலுவை டாலரைப் பார்த்துவிட்டு எந்தச் சபை என்று கேட்டார். நான் சட்டென்று, "டீச்சர், எனக்கு இப்போ எதுலயும் நம்பிக்கை இல்லை. ஜெபம் பண்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன். அவர் முகம் மாறவில்லை. "சரி கண்ணு, பண்ணல. நான் மாற்கு படிச்சிட்டிருக்கேன். சும்மா பக்கத்துல உக்காந்து கேக்குறியா? நாலு மணி நேரம் எப்படியும் போகணும்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது. சத்தமாக வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் விளக்கமே இல்லாமல் முழுசாக வாசித்துக் காட்டினார். அடுத்த வாரத்திலிருந்து ஒரு பத்தி, ஒரு சம்பவம், அவ்வளவுதான். கேள்வி மூன்றே: இயேசு இங்கே என்ன செய்கிறார், என்ன சொல்கிறார்? கூட இருப்பவர்கள் அவரை யார் என்று நினைக்கிறார்கள்? இதைப் பார்த்த பிறகு அவரைப் பற்றி நமக்குப் புதிதாக என்ன தெரிகிறது? எனக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி அந்த நோட்டிலேயே இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. நானும் ஒரு நோட்டு வாங்கினேன். தெரியாத வார்த்தைக்குப் பழைய மொழிபெயர்ப்போடு 1995இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கத்தோலிக்கர் பைபிள் என்று எங்கள் வீட்டில் ஒதுக்கி வைத்தது அது. பொது மொழிபெயர்ப்பு என்றே அதற்குப் பேர், கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்தது. என் மாதிரி எட்டாவதோடு படிப்பை விட்டவர்களுக்கு அது எளிதாகப் புரிகிறது.

முதல் அதிகாரத்திலேயே நான் நின்றுவிட்டேன். கப்பர்நகூமில் சாயங்காலம் சூரியன் மறைந்த பிறகு வியாதிக்காரர்களைக் குணமாக்குகிறார். விடியற்காலையில் தனியாகப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். நாம் நினைப்பது, திரும்பிப் போய் மிச்சம் இருக்கிற வரிசையை முடிப்பார் என்று. அவரோ அடுத்த ஊர்களிலும் பிரசங்கம் பண்ண வேண்டும், இதற்காகவே வந்தேன் என்று கிளம்பிவிடுகிறார். எனக்குக் கோபம் வந்தது. டீச்சரிடம் கேட்டேன், வரிசையில் மிச்சம் நின்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று. அவர், "எனக்கும் அது கஷ்டமாத்தான் இருக்கு. எழுதி வை, மேலே படிப்போம்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒருவரை அந்த இரண்டு வருஷத்தில் அப்போதுதான் பார்த்தேன். உங்களுக்கு வேதம் சொல்லித்தர ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால், கஷ்டமான ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கோபப்பட்டாலோ, உடனே உங்கள் விசுவாசத்தைக் குறை சொன்னாலோ, வேறு ஆளைத் தேடுங்கள்.

அந்தக் கேள்விக்கு ஆறாம் அதிகாரத்தில் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் 34ஆம் வசனத்தை நான் கவனித்ததே இல்லை. மேய்ப்பன் இல்லாத ஆடுகளைப் போல் இருந்த ஜனங்களைப் பார்த்து அவர் மனதுருகினார் என்று இருக்கிறது. மனதுருகி என்ன செய்தார்? "அநேக காரியங்களை அவர்களுக்கு உபதேசிக்கத் தொடங்கினார்." அப்பம் அப்புறம்தான் வருகிறது. நம்மேல் இரக்கப்பட்டு அவர் முதலில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு நடந்ததை அந்த வசனத்தில் வைத்துப் பார்த்தேன். என்மேல் இரக்கப்பட்டேன் என்று சொன்னவர்கள் ஒரு நாளும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் மேய்ப்பன் இல்லாத ஆடாகவே இருந்தால்தான் அவர்களுக்கு நல்லது. மத்தேயு கடைசி அதிகாரத்தில் சீஷர்களை அனுப்பும்போதும், ஞானஸ்நானம் கொடுங்கள் என்பதோடு நிறுத்தாமல், நான் கட்டளையிட்டதை எல்லாம் கைக்கொள்ளும்படி உபதேசம் பண்ணுங்கள் என்றும் சொல்கிறார். சபைகளில் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறோம் என்று டீச்சர் வருத்தப்படுவார். அவரே சபை மனுஷி, நாற்பது வருஷமாக ஓய்வுநாள் பாடசாலை எடுத்தவர், அவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு.

பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு வந்தபோது, இதை நான் படிக்க மாட்டேன் என்றேன். என் செயின் போனது அந்த விதவையின் பேரில்தானே. டீச்சர் வற்புறுத்தாமல், "அதுக்கு முன்னாடி மூணு வசனம் மட்டும் படி" என்றார். வேதபாரகரை, அதாவது வேதத்தைப் போதிக்கிறவர்களைக் குறித்து எச்சரிக்கையாக இருங்கள் என்று இயேசு சொல்கிறார். அவர்கள் "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள்" என்கிறார். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அந்த விதவை வந்து கடைசிக் காசையும் போட்டுவிட்டுப் போகிறாள். அடுத்த அதிகாரம் ஆரம்பிக்கும்போதே, இந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். அவளுடைய பக்தியை அவர் உயர்த்திப் பேசுகிறார், அது உண்மை. அவளிடமிருந்து உருவிக்கொண்ட ஏற்பாட்டையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். பக்கத்தில் இருந்த ஆந்திராக்கார அம்மா என் வீட்டுக்காரருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் ஏமாந்தபோது இயேசு அவர்கள் பக்கம் நிற்கவில்லை என்று தெரிந்ததுதான் எனக்குத் திரும்ப ஜெபிக்க வாய் திறந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை விடுவதே இல்லை. யார் எந்த வசனத்தைச் சொன்னாலும், அதற்கு முன்னால் பத்து வசனம், பின்னால் பத்து வசனம் படித்துவிட்டுத்தான் முடிவு செய்வேன். வாக்குத்தத்த அட்டையில் அதிகம் வருகிற எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அப்படிப் படித்தால் அந்த வாக்குத்தத்தம் சின்னதாகிவிடவில்லை, காத்திருக்கிறவர்களுக்கு இன்னும் பலமாகிறது. தழும்புகளால் குணமாகிறோம் என்ற ஏசாயா வசனத்தைப் பேதுரு தன் முதல் நிருபத்தில் எடுத்துச் சொல்லும்போது, நாம் பாவங்களுக்குச் செத்து நீதிக்குப் பிழைத்திருக்கும்படி என்று சேர்த்தே எழுதுகிறார். மறைவான பாவம் என்று என்னைத் துரத்தின வார்த்தைக்கு யோவான் 9ஆம் அதிகாரத்தைக் காட்டினார் டீச்சர். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு சொல்கிறார். பவுல்கூடத் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

ஜெபம் பண்ணும்போது பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள் என்ற வசனமும் மாற்கில்தான் இருக்கிறது, 11ஆம் அதிகாரத்தில். அதை டீச்சர் மூடி மறைக்கவில்லை. கேள், தைரியமாகக் கேள் என்றுதான் சொன்னார். ஆனால் அதைச் சொன்ன அதே இயேசு 14ஆம் அதிகாரத்தில் கெத்செமனேயில் தரையில் விழுந்து, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல என்று ஜெபிக்கிறார். பாத்திரம் எடுபடவில்லை, சிலுவைப் பாடு வந்தது. அவருக்குச் சந்தேகம் இருந்ததால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று எந்த ஊழியக்காரர் சொல்ல முடியும்? ஆம்புலன்ஸில் என்னால் சொல்ல முடியாமல் போன ஜெபத்தை அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்" என்று கதறுகிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. சந்தேகத்தோடு வரலாம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது அங்கேதான்.

மருந்தா விசுவாசமா என்ற கேள்வியை வேறு எங்கே கேட்டாலும் வேலூரில் கேட்கக் கூடாது என்பார் டீச்சர். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், பிரசவத்தில் மூன்று பெண்கள் ஒரே ராத்திரியில் செத்துப்போனதைப் பார்த்துத்தான் டாக்டர் ஆனார். 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் ஆரம்பித்தார், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இயேசுவின் பேரில் செய்த வேலைதான் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஆனது. இந்தியாவில் சிறுநீரக மாற்று சிகிச்சை முதல்முதலாக வெற்றியாக நடந்ததும் 1971இல் அங்கேதான். பிணியாளிகளுக்குத்தான் வைத்தியன் வேண்டும் என்று மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார். மருந்தையோ டயாலிசிஸையோ நிறுத்தினால்தான் விசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் விவாதிக்காதீர்கள், அந்த உறவையே நிறுத்திவிடுங்கள். அன்றைக்கே உங்கள் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒருவருடைய பேருக்கு முன்னால் டாக்டர் பட்டமோ ரெவரெண்டோ இருந்தால் எங்கே படித்தார் என்று கேட்பதில் தப்பில்லை. எங்கள் ஆயர்கள் பெரும்பாலும் இறையியல் பட்டம் கொடுக்கிற செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகளில் படித்து வருகிறார்கள், மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி மாதிரி. பட்டம் இல்லாத நல்ல போதகர்களும் உண்டு, எங்கள் டீச்சரே படித்தது ஆசிரியர் பயிற்சிதான். ஆனால் எங்கே, யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று வெளிப்படையாகச் சொல்ல முடிய வேண்டும். அதைவிட முக்கியமாகப் பிரசங்கத்தை வீட்டுக்கு வந்து யோசித்துப் பாருங்கள். இயேசு என்ன செய்தார் என்பது எவ்வளவு நேரம் வந்தது, ஊழியக்காரர் கண்ட தரிசனம் எவ்வளவு நேரம் வந்தது? எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதும். பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17இல் இருக்கிறது. அதற்காக அவர்களைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறது.

வீட்டுக்காரருக்கு இன்னும் டயாலிசிஸ் நடக்கிறது. மாற்று சிகிச்சைக்குப் பதிவு செய்திருக்கிறோம். செயினை மீட்கவில்லை, வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். சில ராத்திரிகளில் பழைய பயம் வருகிறது, அப்போது நோட்டைத் திறந்து கடைசியாக எழுதினதை வாசிப்பேன். எதற்காகப் பேசினாலும் சண்டை வரும் என்ற நிலையிலிருந்து நானும் அவரும் இப்போது பஸ்ஸில் சேர்ந்து ஒரு பத்தி படிக்கிற அளவுக்கு வந்திருக்கிறோம். அவர் அதிகம் பேச மாட்டார். சத்தமாக ஜெபிக்கச் சொல்லி நானும் வற்புறுத்துவதில்லை.

உங்களில் யாராவது இப்போது ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தால், இப்படி ஆரம்பிக்கலாம். மாற்கை ஒரே மூச்சில் முழுசாக ஒரு தடவை படியுங்கள், கண் வலித்தால் செல்போனில் ஆடியோவாகக் கேளுங்கள். அப்புறம் தினம் ஒரு சம்பவம் போதும். 20 ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அந்த மூன்று கேள்விக்கும் இரண்டிரண்டு வரி எழுதுங்கள், புரியாததற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். தனியாகப் படிக்காதீர்கள், ஒரே ஒருவராவது கூட இருக்கட்டும். வெளியூரிலிருந்து வந்து யாரையும் தெரியாது என்றால், சி.எம்.சி.யில் சாப்ளின்கள், அதாவது நோயாளிகளைப் பார்க்கிற போதகர்கள் இருக்கிறார்கள், வார்டு சிஸ்டரிடம் சொன்னால் வரச் சொல்வார்கள். ஊருக்குப் போனதும் உங்கள் ஆயரிடம் போய், ஒரு சுவிசேஷத்தை முழுசாகச் சொல்லித்தாருங்கள் என்று கேளுங்கள். எங்கள் ஆயரிடம் நான் கேட்டபோது, இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். இப்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் கிராமத்துச் சர்ச்சில் லூக்கா நடக்கிறது. கம்பெனி பஸ் வந்து இறங்கின கையோடு பைகூட வீட்டில் வைக்காமல் ஏழெட்டுப் பெண்கள் வருகிறோம். போன வாரம் பத்தாம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் வரைக்கும் வந்திருக்கிறோம், மார்த்தாளும் மரியாளும் அடுத்த வாரம்.